ஓடுகிறவனும் துரத்துகிறவனும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



பணிமனைக்குப் போகும் வராந்தாவில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி நிற்கிறதே, அதைப் பார்க்காதவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. டீ குடிக்கப் போகிற வழியில் நின்று ஒரு நிமிடமாவது எட்டிப் பார்த்திருப்பீர்கள். 'என்னடா இது, குழம்பு மீனைப் போய்க் கண்ணாடிக்குள்ள விட்டு வச்சிருக்கானுங்க' என்று சிலர் சிரித்ததும் என் காதில் விழுந்தது. அவர்கள் சொன்னது சரிதான், அத்தனையும் குழம்பு மீன்தான். ஆனால் இப்போது அதற்குள் இருப்பவை எவை, முதலில் இருந்தவை எவை, நடுவில் செத்தவை எத்தனை என்பது நான்கைந்து பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதச் சொல்லி மலர்க்குழு நண்பர்கள் என் கழுத்தைப் பிடித்தார்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதற்குக் காரணம் என் மூளை என்று நினைத்துவிடாதீர்கள், கஜா புயல்! 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அடித்த காற்றில் எங்கள் படகு ஒரு பனைமரத்தடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. படகின் பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது ஒரே வார்த்தை: "நீ படி."

அப்படிப் படிக்க வந்தவன் மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். மீன்பிடித் தொழில் என்று எழுதக் கை வரவில்லை. விடுதியில் யாரும் கேட்டாலும் அதையே சொன்னேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் நேரான பதில் என்னிடம் இல்லை. பேருந்தில் மீன் கூடைக்காரம்மா ஏறினால் மூக்கைப் பொத்துகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு மட்டும் அது புரியும்.

கண்காட்சிக்கு எங்கள் பிரிவில் என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, கடல்நீர்த் தொட்டி வைக்கலாம் என்று வாயை விட்டவன் நான்தான். இரண்டாம் ஆண்டு சுற்றுலாவில் மண்டபம் போனபோது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகத்தைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகமே முதலில் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்கே ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு மூன்று வகை மீன்தான் இருந்தன. 'இவ்வளவு பெரிய கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் இத்தனை கஞ்சத்தனம்?' என்று நினைத்தேனே தவிர, காரணம் கேட்கவில்லை. எல்லோரும் தனுஷ்கோடி போகிற அவசரத்தில் இருந்தோம். அன்றைக்கு அங்கே ஐந்து நிமிடம் நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பிற்பாடு பத்து உயிர் பிழைத்திருக்கும்.

தொட்டி செய்வதில் நாங்கள் கெட்டிக்காரர்கள், அதில் குறையே சொல்ல முடியாது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மேலே கொஞ்சம் இடம் விட்டு 55 செ.மீ. வரை தண்ணீர் நிரப்பினால் சுமார் 610 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடக் கனம். ஆக, தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 630 கிலோ! முன்கண்ணாடியில் விழும் விசையை இரண்டாம் ஆண்டு பாய்ம இயந்திரவியலில் படித்தபடி கணக்குப் போட்டோம். 280 கிலோ எடை சாய்ந்து நிற்பதற்குச் சமம் என்று வந்தது. 12 மி.மீ. கண்ணாடி வாங்கினோம். அடித்தாங்கியை நாங்களே வெல்டிங் செய்து மூன்று கோட் பெயின்ட் அடித்தோம். அப்படியும் உப்புக்காற்று பட்டு மூன்றே வாரத்தில் மூலையில் துரு எட்டிப் பார்த்தது. ஏர்கூலரில் இருந்து கழற்றிய பம்ப்பின் இரும்புத் தண்டை உப்புநீர் ஒரே மாதத்தில் தின்று தீர்த்துவிட்டது. 'அரிமானம்' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படித்ததை விரலால் தொட்டுப் பார்த்தது அப்போதுதான்.

தண்ணீர் ஊரிலிருந்து வந்தது. விடியற்காலையில் புதுக்கோட்டைச் சந்தைக்கு வருகிற மீன் வண்டியில், தெரிந்த அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி, தினம் இரண்டு மூன்று கேன் என்று ஏற்றினோம். கலங்கலைத் தெளியவைத்து வேட்டித் துணியில் வடிகட்டினோம். ஒரு நீல டிரம்மில் சல்லி, மணல், சிப்பி ஓடு போட்டு வடிப்பான் செய்தோம். உடனே மீனை விடக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா கொடிய விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் அந்தச் சல்லியிலும் மணலிலும் குடியேற நாலைந்து வாரம் ஆகும். அவற்றுக்குத் தீனியாக இரண்டு இறாலை உள்ளே போட்டு அழுகவிட்டோம். பக்கத்துக் கணினி ஆய்வகத்தில் இருந்து புகார் வந்தது. பொறுத்தோம். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் கடல்நீர் ஊற்றக்கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும், ஏனென்றால் போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கிறது என்பதுவரை சரியாகவே செய்தோம். ஐந்தாவது வாரம் தொட்டி பளிங்கு மாதிரி நின்றது.

மிச்சம் மீன்தானே! அதற்கு என்ன படிப்பு வேண்டியிருக்கிறது? நான்தான் கடற்கரைக்காரன் ஆயிற்றே!

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா கடலில் இருந்தார். அவரிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை மணலில் ஏறியதும் உயிரோடு துள்ளியவற்றில் கண்ணுக்கு அழகானதாகப் பார்த்துப் பொறுக்கினேன். வெள்ளிக்காசு மாதிரி மினுங்குகிற காரல் ஆறு. உடம்பில் வளைந்த கறுப்புக் கோடு போட்ட கீச்சான் நாலு. கையில் எடுத்தால் கீச்சென்று சத்தம் போடுமே, அதுதான். புள்ளி போட்ட ஓரா மூன்று. தொட்டால் பலூன் மாதிரி உப்பும் பேத்தை இரண்டு, இதைப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகள் குதிப்பார்கள் என்று ஆசை. ஒரு சாண் நீளத்தில் ஒரு கலவா. ஆக, பதினாறு உருப்படி. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைக் கேனில் போட்டு, வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். அன்று சாயங்காலம் தொட்டியைச் சுற்றிக் கூட்டம். என் முதுகில் விழுந்த தட்டுகளை எண்ணினால் முப்பது இருக்கும்.

ஞாயிறு காலையில் காரல் இரண்டுதான் இருந்தன. நாலு எங்கே? தரையெல்லாம் தேடினோம், தாவி விழுந்திருக்குமோ என்று. கலவாவின் வயிற்றைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. திங்களன்று அந்த இரண்டும் இல்லை. அதே திங்களில் ஓரா ஒன்றின் விலாவில் வெள்ளைத் திட்டு. நோய் என்று நினைத்து மருந்துக்கு அலைந்தோம். நோயில்லை. கீச்சான்கள் பக்கவாட்டில் வந்து செதிலைக் கொத்திக் கொத்திப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. எங்கள் கண்முன்னாலேயே! கீச்சான் குட்டிகளுக்கு மற்ற மீனின் செதிலே ஒரு தீனி என்று பிறகுதான் படித்தேன். பேத்தைகளோ கிளி மூக்கு மாதிரிப் பல்லால் வால் துடுப்புகளைக் கத்தரித்தன. செவ்வாயில் முதல் ஓரா, புதனில் மற்ற இரண்டும். வாலறுந்த கீச்சான் ஒன்று வியாழனன்று. பதினாறில் பத்து போயிற்று. மிச்சம் இருந்தவை தின்றவை மட்டும்தான்.

ஆசிரியர் ஒருவர் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "உங்க ஊரு மீனுக்கு ஒத்துமையே கிடையாதாப்பா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுரீரென்றது. கண்காட்சிக்கு நாலு வாரம்தான் இருந்தது. தொட்டியை எடுத்துவிட்டு நீர் ராக்கெட் வைக்கலாம் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது.

அன்று ராத்திரி விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாம் ஒரே வலையில வந்ததுதாம்ப்பா" என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு.

"ஒரே வலையில வந்துச்சுன்னா ஒண்ணா குடியிருந்துச்சுன்னு அர்த்தமா தம்பி? ஓடுறவனும் தொரத்துறவனும் சேந்துதான் வலையில விழுவான். கடல்ல ஓடுறவனுக்கு ஓட எடம் இருக்கு. உன் பொட்டியில எங்க இருக்கு?"

நண்பர்களே, இதற்குப் பிறகு நான் புத்தகத்திலும் கைபேசியிலும் எவ்வளவோ படித்துவிட்டேன். ஆனால் மீன் தொட்டிக்கு ஜோடி சேர்ப்பதைப் பற்றி எங்கே எதைப் படித்தாலும், சுற்றிச் சுற்றி அப்பா சொன்ன அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் வண்டியிலேயே அப்பா வந்து இறங்கினார். கையில் இரண்டு கேன். சேர்க்கையின்போதுகூட மாமாதான் என்னுடன் வந்தார், அப்பா கல்லூரிக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. வேட்டியைத் தழையவிட்டு, செருப்பை வராந்தாவுக்கு வெளியே கழற்றிவிட்டார். "செருப்போட வரலாம்ப்பா" என்றேன். கேட்கவில்லை.

தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு, "நடுவுல எதுக்குக் கல்லைக் கோபுரம் மாதிரி கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அழகுக்கு என்றோம். "மீனு அழகு பாக்குமா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உள்ளே கைவிட்டு எல்லாவற்றையும் கலைத்தார். மூன்று குவியலாக அடுக்கினார். ஒரு குவியலில் இருப்பவன் அடுத்த குவியலில் இருப்பவனைப் பார்க்க முடியாதபடி. ஒவ்வொன்றிலும் நுழைய ஒரு வழி, வெளியேற வேறொரு வழி. 'கண்ணுல படாட்டி பாதிச் சண்டை கெடையாது' என்றார். விடுதியில் எங்கள் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். நடுவில் அலமாரியை நகர்த்திவைத்த பிறகுதான் எங்களுக்குள் சண்டை குறைந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை!

கேனில் அவர் கொண்டுவந்ததைப் பார்த்தபோது எனக்குச் சப்பென்றிருந்தது. விரல் நீளத்தில் ஓரா மூன்று. தாடி வைத்த நகரை இரண்டு. மடவைக் குஞ்சு நாலு. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு மூன்று. அவ்வளவுதான். "வேற கலரா எதுவும் கிடைக்கலையாப்பா?" என்று கேட்டேன். மஞ்சள் பாறைக் குஞ்சு ஒன்று கிடைத்ததாம். தங்கத்தில் கறுப்புப் பட்டை போட்ட மாதிரி இருக்கும், பார்த்தால் விடவே மனம் வராது. அவர் விட்டுவிட்டு வந்திருந்தார். "இன்னிக்கு வெரல் நீளம். நாளைக்கு மொழம். அப்புறம் எங்க வைப்ப?" உண்மைதான், அந்த மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. தொட்டிக்கு மீன் வாங்கும்போது இன்றைய அளவைப் பார்க்கக்கூடாது, வளர்ந்த அளவைப் பார்க்கவேண்டும் என்பதை இத்தனை சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

ஒவ்வொன்றையும் ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டேன். ஓரா புல்லும் பாசியும் மேய்கிறது, யார் மேலும் வாய் வைக்காது. முதுகில் விஷமுள் இருப்பதால் அதன் மேலும் சட்டென்று யாரும் வாய் வைக்கமாட்டார்கள். (குத்துப்பட்டால் தாங்குகிற அளவு சூட்டில் வெந்நீரில் கையை வைக்கவேண்டும், அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.) நகரை தன் தாடியால் மணலைக் கிளறிக் கீழே விழுந்த தீனியைத் தேடும், மணல் அழுகாது. மடவை மேல்தண்ணீரில் கூட்டமாகச் சுற்றும். நண்டு மிச்சம் மீதியைத் துடைத்துவிடும். ஆக, ஒருத்தன் மேலே, ஒருத்தன் நடுவில், ஒருத்தன் தரையில். ஒருத்தன் புல், ஒருத்தன் புழு. ஒருத்தன் சோற்றில் ஒருத்தன் கை வைப்பதில்லை, ஒருத்தன் வாயில் ஒருத்தன் நுழைகிற அளவும் இல்லை. கலவாவிடம் நான் செய்த தப்பு அதுதான். அதற்குக் கெட்ட குணம் எதுவும் கிடையாது. வாய்க்குள் போகிற எதுவும் அதற்குச் சாப்பாடு, அவ்வளவுதான்.

உருவத்தில் பெரியதெல்லாம் கொடியது என்பதும் இல்லை. ஜப்பானில் ஒகினாவாத் தீவில் 2002-இல் திறந்த சுராவுமி காட்சியகத்தில் 75 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒரே தொட்டி இருக்கிறது. அதில் உலகத்திலேயே பெரிய மீனான திமிங்கலச் சுறாவும் ஆனைத் திருக்கையும் மற்ற பல மீன்களோடு ஒன்றாகச் சுற்றுகின்றன. திமிங்கலச் சுறா தண்ணீரை வடிகட்டி நுண்ணிய உயிர்களைத் தின்கிற சாது. நம் கடலுக்கே வாருங்கள். ஓரா மேய்கிற அதே கடல்புல்லைத்தான் ஆவுளியா என்று நாங்கள் சொல்கிற கடல்பசுவும் மேய்கிறது. முன்னூறு நானூறு கிலோ உடம்பு, ஒரு மீனைத் தொடுவதில்லை. அந்தக் கடல்பசுவுக்காகத்தான் 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நம் மாவட்டத்தில் பாதிப்பேருக்கு நமக்குக் கடல் இருப்பதே தெரியாது என்பது வேறு கதை.

எங்கள் பிரிவில் ஒருவன், "அப்பா, கடல்குதிரை ஒண்ணு கிடைச்சா நல்லாருக்குமே" என்று கேட்டான். அப்பா பதறிப்போனார். நண்டு வலையில் புல்லோடு சிக்கி வருமாம், எடுத்துத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவாராம். 2001 முதல் அது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, பிடித்தால் வழக்கு. சட்டம் இல்லாவிட்டாலும் அது இந்தத் தொட்டிக்கு ஆகாது. நீந்தத் தெரியாத குறைதான். அது கிட்டே போவதற்குள் மற்றவன் தீனியை முடித்துவிடுவான். ஒருவரையொருவர் கடிக்காவிட்டாலும் ஒரு பந்தியில் உட்காரக்கூடாதவர்கள் உண்டு, பட்டினியாலேயே செத்துப்போவார்கள்.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. துறைத்தலைவர் அந்தப் பக்கம் வந்தவர், தண்ணீரில் முழங்கை நனைந்து நிற்கும் அப்பாவைப் பார்த்து வணக்கம் சொன்னார். "ஐயா என்ன தொழில் பண்றீங்க?"

"கடத்தொழில்தான் சார். நாட்டுப்படகு."

துறைத்தலைவர் மகிழ்ச்சியாகப் பேசிவிட்டுப் போனார். என் பக்கத்தில் நின்ற நண்பன்தான், அவன் மேல் தப்பில்லை, "டேய், கூலி வேலைன்னுல்ல சொன்ன?" என்று கேட்டுவிட்டான். மெதுவாகத்தான் கேட்டான். அப்பாவின் கை ஒரு நொடி தண்ணீருக்குள்ளேயே நின்றது. பிறகு அடுத்த கல்லை எடுத்தார்.

மத்தியானம் கேன்டீனில் இருவரும் டீ குடித்தோம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவராகவே சொன்னார்: "கூலின்னு போட்டாலும் தப்பில்ல தம்பி. படகு போனப்பறம் ரெண்டு வருசம் அடுத்தவன் படகுல கூலிக்குத்தானே போனேன்." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். அதற்குமேல் அந்தப் பேச்சு இன்றுவரை எங்களுக்குள் வரவில்லை.

கலவாவையும் கீச்சான்களையும் பேத்தைகளையும் அவரே கேனில் எடுத்துக்கொண்டு போனார். கலவாவைக் கடலில் விட்டாரா குழம்பில் விட்டாரா என்று நான் கேட்கவில்லை!

புது மீன்களை உடனே தொட்டியில் விடவில்லை. தனியாக ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு வாரம் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் இருக்கிறதா என்று பார்த்தோம். அதற்குள் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினோம். பிறகு வரிசைப்படி விட்டோம். பயந்த சுபாவக்காரனை முதலில் விடவேண்டும், தைரியசாலியைக் கடைசியில். முதலில் போகிறவன்தான் மனையைப் பிடித்துக்கொண்டு பட்டா போட்டுவிடுவான். ரவுடியை முதலில் விட்டால் பின்னால் வருகிறவனுக்கு மூலைகூட மிஞ்சாது. ஆகவே மடவை, அப்புறம் நகரை, நாலு நாள் கழித்து மூன்று ஓராவையும் ஒரே நேரத்தில். விளக்கை அணைத்துவிட்டு, தீனி போட்ட பிறகு. அன்று ராத்திரி காவலாளி அண்ணனிடம் அனுமதி வாங்கி வராந்தாவிலேயே பாய் விரித்துப் படுத்தோம். காலையில் எண்ணினேன். ஒன்பது. நண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. மறுநாளும் பன்னிரண்டு. கண்காட்சி அன்றைக்கும் பன்னிரண்டு!

கண்காட்சியில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி 'நீமோ எங்கே?' என்பதுதான். எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். கோமாளி மீன் பவளப்பாறைப் பக்கம் கடல் சாமந்தியின் நடுவே குடியிருக்கிறது. நான் ஓரா எடுத்த கலங்கல் மணல்கரை அதற்கு ஆகாது. மண்டபத்துக்காரர்கள் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள், கடலில் பிடிக்காமலே வளர்க்கலாம். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோமாளிக் குஞ்சுகள் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதற்குத் துணை. ஒரே அளவில் வளர்ந்த இரண்டை வாங்கிப் போட்டால் யார் பெரியவர் என்று தீரும்வரை அடிதடிதான். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வாங்கினால் அந்தச் சண்டையே வராது. பணம் சேர்ந்தால் அடுத்த ஆண்டு தம்பிகள் முயற்சி செய்யலாம், இப்போது இருப்பவர்களோடு ஒத்துப்போகும்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கச் சொன்னார்கள். அறிவியல் பெயர் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்றார் ஆசிரியர். 'சிகானஸ்' என்று எழுதி, அதற்கு மேலே பெரிய எழுத்தில் 'ஓரா' என்று எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இது என்ன தின்னும், யாரோடு சேரும், யாரோடு சேராது என்று அப்பா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே. கடைசி வரியில் 'தகவல்: என் தந்தை, மீனவர்' என்று எழுதியது நான்தான்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. மடவை நாலில் ஒன்று, மூடி திறந்திருந்த ஒரு ராத்திரி தாவி விழுந்து செத்துவிட்டது. மற்ற எட்டு மீனும் நலம். ஓராக்கள் விடுதிச் சமையலறையில் இருந்து வாங்கிவரும் பசலைக்கீரையை, கொதிநீரில் ஒரு வாட்டு வாட்டிக் கட்டித் தொங்கவிட்டால், ஆட்டுக்குட்டி மாதிரி நின்று மேய்கின்றன. அப்பா ஞாயிறுதோறும் போன் செய்கிறார். முன்பெல்லாம் 'பரிச்சை எப்ப?' என்று தொடங்குவார். இப்போது 'ஓரா திங்கிதா?' என்றுதான் முதலில்.

மே மாதத்தோடு எங்கள் படிப்பு முடிகிறது. இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் நாலு பேர் பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதி வைத்திருக்கிற நோட்டு பணிமனை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. ஓராக்கள் ஒரு சாணைத் தாண்டினால் என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்து எடுத்துப்போய் வேறு குஞ்சு தருவதாகச் சொல்லியிருக்கிறார். பம்ப் சத்தம் மாறினால் தண்டைப் பாருங்கள். எவன் எவ்வளவு கெஞ்சினாலும் கீச்சானை உள்ளே விடாதீர்கள். அப்புறம், கீரை போட்டவுடன் மூடியை மூடுங்கள் தம்பிகளா, மடவை தாவும்.